கறுப்புக் கோட்டுக் கனவுகள்: வாசகர் கேள்விகளும் ஒரு மலை வக்கீலின் பதில்களும்

குன்னூர், உதகை நீதிமன்றங்களில் வழக்காடுகிறவள் நான். தோட்டத் தொழிலாளர் பணிக்கொடை, ஜீவனாம்சம், வேலித் தகராறு, இவைதான் என் பிழைப்பு. பயிற்சி மையம் நடத்தவில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் எதையும் விற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சட்டப் படிப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் குழம்பியிருந்தன. முதலில் அதை அவிழ்த்துவிடுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஐந்தாண்டு சட்டம் படிக்கத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. பெங்களூரில் இருப்பது, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருப்பது என்று இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அதுதான் வாசல். டெல்லியில் இருப்பது மட்டும் எய்லெட் என்று தனித் தேர்வு வைத்திருக்கிறது. இன்னொரு வழி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகள், சென்னையின் சீர்மிகு சட்டப் பள்ளி. இவற்றுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண், இட ஒதுக்கீடு, கலந்தாய்வு, அவ்வளவுதான். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் இன்னொன்றுக்குக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இரண்டின் காலமும் வேறு. கிளாட் விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடும்; தேர்வு டிசம்பரில். அரசுக் கல்லூரி விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வந்தபின் மே மாதத்தில். கிளாட் எழுதிவிட்டு, வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, நிதானமாக இரண்டாவதற்கு விண்ணப்பிக்கலாம்.

இனிக் கடிதங்கள்.

*

அக்கா, கோத்தகிரி பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தமிழ் வழி. கிளாட் தேர்வைத் தமிழில் எழுத முடியுமா? முடியாதென்றால் எனக்கு வாய்ப்பே இல்லையா?
மாணவி, கோத்தகிரி

முடியாது. ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நியாயம் வரும்வரை நீ காத்திருக்க முடியாது. உனக்கு ஒன்றரை வருடம் இருக்கிறது.

கிளாட் கேட்கும் ஆங்கிலம் பேசுகிற ஆங்கிலம் அல்ல, எழுதுகிற ஆங்கிலமும் அல்ல. படித்துப் புரிந்துகொள்கிற ஆங்கிலம். ஏறக்குறைய 450 சொற்களில் ஒரு பத்தி தருவார்கள், அதன்கீழ் ஐந்தாறு கேள்விகள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டம், தர்க்கம் எல்லாமே இந்த உருவம்தான். கணக்குக்குக்கூட ஒரு பத்தியோ அட்டவணையோ இருக்கும். நேர்காணல் கிடையாது. உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

சொல் பட்டியல் எழுதி மனப்பாடம் செய்யாதே. தினம் இருபது சொற்கள் என்று நோட்டு நிரப்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நோட்டு அழகாக இருக்கும், பத்தி புரியாது. நான் சொல்வது வேறு முறை. உனக்குத் தமிழில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த செய்தியை எடுத்துக்கொள். உதாரணம், இ-பாஸ். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. இதில் உனக்குப் புதிதாக என்ன இருக்கிறது? சீசனில் கோத்தகிரி சாலை எப்படி நிற்கும் என்று உன்னைவிட எந்தப் பத்திரிகையாளருக்குத் தெரியும்? முதலில் தமிழ் நாளிதழில் அதைப் படி. பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படி. பொருள் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல் தானாக விளங்கும். படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, யார் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று தமிழில் மூன்று வாக்கியம் எழுது. ஆங்கிலத்தில் எழுதத் தேவையில்லை. தமிழில் எழுத முடியவில்லை என்றால் உனக்கு அது புரியவில்லை என்று பொருள், திரும்பப் படி.

ஓரிரு மாதம் இப்படிப் போனபின் தலையங்கத்துக்குப் போ. தலையங்கம்தான் கிளாட் பத்திக்கு நெருங்கிய உறவு. ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதே இ-பாஸ் செய்தியில் சட்டமும் உட்கார்ந்திருக்கிறது. நாட்டில் எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. அதே பிரிவு, பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. சுற்றுலாப் பயணியின் உரிமை ஒரு பக்கம், மலையின் தாங்கும் திறன் ஒரு பக்கம். எது நியாயமான கட்டுப்பாடு? இதை யோசித்துக்கொண்டே பள்ளிக்கு நடந்தாய் என்றால் அன்றைய பாடம் முடிந்தது.

செய்தித்தாள் வாங்கக் காசில்லை என்றால் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. உதகை மாவட்ட மைய நூலகத்துக்கு மாதம் ஒருமுறை போனாலும் பழைய இதழ்களைப் புரட்டலாம்.

"வாய்ப்பே இல்லையா" என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2021இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. பொறியியலுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப் படிப்பும் அதில் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்திருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உனக்கு வரும். ஆகவே கிளாட்டில் இடம் கிடைக்காமல் போனாலும் சட்டம் உன்னைவிட்டுப் போய்விடாது. அந்தத் தைரியத்தோடு கிளாட் எழுது. இன்னொன்று: ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கிளாட் தேர்வுக்குத் தயார் செய்து, இடம் கிடைத்தால் படிக்கவும் உதவுகிற ஐடியா என்ற அமைப்பு இருக்கிறது. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கியது. அவர் இப்போது இல்லை, அமைப்பு இருக்கிறது. உன் தலைமை ஆசிரியரை விட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்.

*

மேடம், கிளாட் எழுதப் போகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முக்கியமான பிரிவுகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். இன்னும் எந்தெந்தச் சட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்?
மாணவன், குன்னூர்

தம்பி, நீ மனப்பாடம் செய்த சட்டமே இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103. மோசடிக்கென்று சினிமாவில் கேட்டுப் பழகிய 420, இப்போது 318. எங்களுக்கே இன்னும் நாக்கு பழையபடிதான் புரள்கிறது.

நல்ல சேதி, கிளாட் தேர்வுக்கு இது எதுவும் வேண்டாம். முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே சொல்கிறது. வேண்டிய விதியைப் பத்திக்குள்ளேயே தந்துவிடுவார்கள். அதைக் கொடுத்திருக்கும் சூழ்நிலைக்குப் பொருத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? இங்கேதான் நல்ல பிள்ளைகள் விழுகிறார்கள். ஒரு பயிற்சி தருகிறேன். விதி நானே கட்டியது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடாதே.

விதி: வனச் சாலையில் செல்லும் வாகனத்திலிருந்து யார் கீழே இறங்கினாலும் அது குற்றம். இறங்கியவரின் நோக்கம் என்ன என்பது பொருட்படுத்தப்படாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து இறங்கினால் மட்டும் குற்றமாகாது.

சூழ்நிலை: மசினகுடியிலிருந்து தெப்பக்காடு போகும் வழியில் ஒரு ஜீப் பஞ்சர் ஆகிறது. செல்போனில் சிக்னல் இல்லை. அக்கம்பக்கத்தில் விலங்கு எதுவும் இல்லை. ஓட்டுநர் இறங்கி டயரை மாற்றுகிறார். வனத்துறையினர் வந்து பிடித்துக்கொள்கிறார்கள்.

ஓட்டுநர் குற்றவாளியா?

பள்ளிகளில் பேசப் போகும்போது இதைக் கேட்டுப் பார்ப்பேன். வகுப்பே ஒரே குரலில் "இல்லை" என்னும். பாவம், அவர் வேறு என்னதான் செய்வார் என்று ஒரு பெண் கேட்பாள். இரவு முழுக்க ஜீப்பிலேயே உட்கார வேண்டுமா என்று ஒரு பையன் கேட்பான். நல்ல கேள்விகள். ஆனால் விடை: குற்றவாளி. நோக்கத்தைப் பார்க்காதே என்று விதி சொல்லிவிட்டது. வேறு வழியில்லை என்பதை விலக்காக விதி சொல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்பதை மட்டும்தான் சொல்கிறது. பஞ்சரான டயர் உயிருக்கு ஆபத்து அல்ல. இப்போது சூழ்நிலையில் ஒன்றை மாற்று: டயர் பஞ்சர் அல்ல, என்ஜினில் தீப்பிடித்துவிட்டது. உடனே விடை மாறும். இப்படி ஒரு சொல்லை மாற்றி மாற்றி அடுத்தடுத்த கேள்வி கேட்பார்கள்.

பத்தியை விட்டு வெளியே போகக் கூடாது. உன் இரக்கம், உன் அப்பா சொன்னது, நேற்று தொலைக்காட்சியில் பார்த்தது, ஏன், உண்மையான சட்டம்கூட, எல்லாவற்றையும் தேர்வு மைய வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போ. அப்படியானால் வக்கீலுக்கு இரக்கமே கூடாதா என்று கேட்பாய். கூடும். விதியே அநியாயமானது என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது அது வேண்டும். அதற்கும் முன்னால் விதி என்ன சொல்கிறது என்று சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் தோற்கிற வழக்குகளில் கணிசமானவை படிக்காமல் தோற்றவை.

எண்களையும் குறித்துக்கொள். 2 மணி நேரம், 120 கேள்விகள். 2023 தேர்வு வரை 150 இருந்தன. பழைய வினாத்தாளைப் பார்த்துப் பயப்படாதே. சட்டத்துக்கும் நடப்பு நிகழ்வுகளுக்கும் தலா 28 முதல் 32, ஆங்கிலத்துக்கும் தர்க்கத்துக்கும் தலா 22 முதல் 26, கணக்குக்கு 10 முதல் 14. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். இந்தக் கால் மதிப்பெண்ணுக்குப் பயந்து நிறையப் பேர் விடைத்தாளை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், 16 கேள்விகளில் சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும். 4 கிடைக்கும், 3 கழியும். ஒன்று மிச்சம். அதே 16இல் ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளை உன்னால் தள்ளிவிட முடிந்தால் 8 சரி, 8 தவறு. 8 கிடைத்து 2 கழிந்து 6 மிச்சம். ஆகவே இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்காமல் குறி. ஒன்றுமே புரியாத கேள்வியில் நேரம்தான் போகும், அதைத் தாண்டிப் போ.

கணக்குப் பகுதி பத்தாம் வகுப்புத் தரம்தான். விழுக்காடு, விகிதம், சராசரி. உங்கள் வீட்டில் தேயிலை உண்டென்றால் உனக்குப் பயிற்சி நூல்கூட வேண்டாம். அப்பா 500 கிலோ பச்சைத் தேயிலை போட்டார், ஈரத்துக்கென்று 8 விழுக்காடு கழித்தார்கள், மீதியில் கால் பங்கு தூளாகிறது. எத்தனை கிலோ தூள்? 115. கழித்த 8 விழுக்காடு நியாயமா என்பது வேறு வழக்கு.

*

மகள் கிளாட் எழுத ஆசைப்படுகிறாள். நாங்கள் கூடலூர் ஓவேலிப் பக்கம். எங்கள் வீடும் நிலமும் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் இருக்கிறது, பட்டா கிடையாது. கோச்சிங் சென்டரில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கல்லூரிக்கு வங்கிக் கடன் கேட்டால் பட்டா கேட்பார்களே, என்ன செய்வது?
ஒரு தந்தை, கூடலூர் வட்டம்

அண்ணா, ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கோச்சிங்கால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதற்கும், கூட நான்கு பிள்ளைகள் இருப்பதற்கும் அது உதவும். ஆனால் மாதிரித் தாள்களையும் பழைய வினாத்தாள்களையும் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 மணி வரை, தேர்வு நடக்கிற அதே நேரத்தில், கடிகாரத்தை முன்னால் வைத்து மகளை எழுதச் சொல்லுங்கள். மறுநாள், தவறான ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று பத்தியில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவள் உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும்.

அந்தப் பணத்தை வேறு இடத்துக்கு வைத்திருங்கள். விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500. அது சமாளிக்கலாம். பலரைத் திணறடிப்பது அடுத்தது. டிசம்பரில் முடிவு வந்த கையோடு கலந்தாய்வுக்குப் பதிவு செய்யச் சொல்வார்கள். அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 20,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். சில நாள் அவகாசம்தான் இருக்கும். நல்ல தரவரிசை வாங்கிவிட்டு இந்தப் பணத்துக்கு வட்டிக்கடைக்கு ஓடும் நிலை வரக் கூடாது.

கடன் விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது; அரசின் கடன் உத்தரவாத நிதி அதற்கு இருக்கிறது. ஆகவே அந்த அளவுக்குப் பட்டாப் பேச்சே எழக் கூடாது. எழுந்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், குரல் மாறும். 2024இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவருக்குப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தர வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 விழுக்காடு மானியமும் உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகச் செலவு ஆண்டுக்கு லட்சங்களில்தான் போகும். அதனால் சேரும் இடத்தின் உதவித்தொகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை மகளிடம் சொல்லுங்கள். இந்தியாவின் மிகப் பெரிய வன வழக்கு உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பியது. கூடலூர் காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று அந்த வழக்கில் வந்த உத்தரவு, காடு என்றால் எது என்பதையே நாடு முழுவதற்கும் மாற்றி எழுதியது. வழக்கு பல பத்தாண்டுகளாக நீள்கிறது. அதே மண்ணில்தான் 1969ஆம் ஆண்டின் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இன்றுவரை உங்களைப் போன்ற குடும்பங்களைப் பட்டா இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. காடும் காக்கப்பட வேண்டும், குடியிருப்பவனுக்கும் கதி வேண்டும். இந்த முடிச்சை மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பார்கள். உங்கள் மகள் மின் இணைப்புக்கு மனு எழுதியே கற்றிருப்பாள்.

*

எங்கள் பள்ளியில் பனியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பிளஸ் டூ வரை வந்துவிட்டார்கள். இருவர் சட்டம் படிக்க விரும்புகிறார்கள். என்னென்ன சான்றிதழ்களைத் தயார் செய்ய வேண்டும்?
ஆசிரியர், பந்தலூர்

இந்தக் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன் சார். பிளஸ் டூ வரை கொண்டுவந்த கைகளுக்கு வணக்கம்.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பந்தலூருக்குக் கூடலூர் கோட்டம். விசாரணை, அறிக்கை என்று இழுக்கும். ஆகவே பிளஸ் ஒன் படிக்கும்போதே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணையுங்கள். கூடவே இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் பெறாதவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை நீங்களே தயார் செய்துவிடலாம்.

பெரும்பாலும் பிரச்சினை வருவது பெயரில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, ஆதாரில் இன்னோர் எழுத்து. தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். கலந்தாய்வு நாளில் அதைச் சரிசெய்ய முடியாது. இப்போதே எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளாட் எழுதப் பழங்குடி, பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூவில் 40 விழுக்காடு போதும், மற்றவர்களுக்கு 45.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிற்படுத்தப்பட்டோர் என்ற மாநிலச் சான்றிதழ் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. வெளிமாநிலத் தேசியப் பல்கலைக்கழகங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்க வேண்டுமென்றால், வசதிமிக்க பிரிவினர் அல்ல என்று மத்திய படிவத்தில், அந்த ஆண்டுக்குரியதாக வாங்க வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள், தாத்தா பாட்டி மண்டபம் முகாமில் பெற்ற குடும்ப அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். சாதிச் சான்றிதழ் விசாரணையில் அந்தப் பழைய அட்டை பேசும்.

*

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 41. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருக்கிறேன். அஞ்சல் வழியிலேயே சட்டமும் படிக்கலாமா?
வாசகர், மஞ்சூர்

வயது தடையில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது வரம்பு என்று வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் கொண்டுவந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பத்து, பிளஸ் டூ முறையாக முடித்து அதன்பின் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தால் அதுவும் தடையில்லை. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் என்றால் செல்லாது. மூன்றாண்டுப் படிப்புக்கும் நம் மாநில அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, பட்ட மதிப்பெண்தான்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டத்தை அஞ்சலில் படிக்க முடியாது. பார் கவுன்சில் ஏற்காது. வகுப்புக்குப் போக வேண்டும், 70 விழுக்காடு வருகை வேண்டும். நீலகிரியில் சட்டக் கல்லூரி கிடையாது. உங்களுக்குப் பக்கம் கோவை மருதமலைச் சாலையில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரி. நான் படித்ததும் அங்கேதான். என் வகுப்பில் தலை நரைத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் அவர்கள்தான் முன்வரிசை. மஞ்சூரிலிருந்து தினம் போய்வர முடியாது. மூன்று ஆண்டுகள் கோவையில் தங்க வீட்டில் வழியிருக்கிறதா என்று பாருங்கள். வருகைப் பதிவை மட்டும் பார்த்துக்கொள்கிறோம், பணம் கொடுங்கள் என்று வெளிமாநிலத்திலிருந்து யாராவது அழைத்தால் போகாதீர்கள். அந்தப் பட்டத்தோடு பதிவு செய்யப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

*

தேர்வு கோயம்புத்தூரில் பிற்பகல் 2 மணிக்குத்தானே? காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் போதாதா?
மாணவி, கூடலூர்

போதாது. டிசம்பர் முதல் ஞாயிறு என்றால் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. நடுவட்டத்தில் மரம் விழும், பர்லியாறில் மண் சரியும், இரண்டும் இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும். மலை ரயிலை நம்பவே வேண்டாம். சனிக்கிழமையே இறங்கிவிடு. கோவையில் உறவினர் இல்லாத நீலகிரிக் குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

*

வக்கீலுக்குப் படித்தால் பெண் பொய் பேசக் கற்றுக்கொள்வாள் என்று என் மாமியார் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?
ஒரு தாய், உதகை

பொய் சொல்லச் சட்டக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். மாமியார் பெயரில் சொத்து எதுவும் இருந்தால், பத்திரத்தைப் படித்துக் காட்ட வீட்டிலேயே ஆள் கிடைக்கும் என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாதம் பெரும்பாலும் எடுபடும்.

*

சட்டம் முடித்தவுடன் நேராக நீதிபதித் தேர்வு எழுதலாமா?
மாணவன், குந்தா

முன்பு எழுத முடிந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதம். படித்து முடித்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள், அகில இந்திய வக்கீல் தேர்வை எழுது. பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் வழக்கத்தை 2024இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டப்படி 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125.

*

வக்கீல் ஆன்ட்டி, கறுப்புக் கோட்டு ஊட்டிக் குளிருக்கு நன்றாக இருக்குமா? நான் எட்டாம் வகுப்பு.
மாணவி, உதகை

நன்றாகவே இருக்கும். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டுக் கட்டாயமில்லை என்று விதியே இருக்கிறது. சமவெளி வக்கீல்கள் அதைக் கொண்டாடுவார்கள். நாங்கள் மே மாதத்திலும் கழற்றுவதில்லை, சிலர் உள்ளே ஸ்வெட்டர் வேறு போட்டிருப்போம். கிளாட் பற்றி இப்போது நினைக்காதே. பள்ளி நூலகத்தில் தடியாக இருக்கிற ஏதாவது கதைப் புத்தகத்தை எடுத்து, முடிக்கிற வரை திருப்பிக் கொடுக்காதே.